வழக்குரை காதை முதல் சின்னத்திரை வரை

இரவு உணவு முடிந்து, பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டு, மறுநாள் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் வேண்டியவை எடுத்து வைக்கப்பட்ட பின்னர், ஐதராபாத்தில் நாம் வாழும் குடியிருப்பில் பல ஆண்டுகள் ஒரு குரல் தவறாது ஒலித்து வந்தது. தமிழர் வீடு, தெலுங்கர் வீடு, உருது பேசுவோர் வீடு என்னும் வேற்றுமை அதற்கு இல்லை. இந்தியில் ஒருவர் நிதானமாகப் பேசுவார். ஓர் ஊரைச் சொல்வார். ஒரு குடும்பத்தை அறிமுகம் செய்வார். அக்குடும்பத்தில் ஒருவர் இன்னும் சற்று நேரத்தில் உயிரோடு இருக்கமாட்டார் என்பதைக் குறிப்பால் உணர்த்துவார். சோனி தொலைக்காட்சியில் 2003-ஆம் ஆண்டு தொடங்கி, இடையிடையே நின்றும் மீண்டும் எழுந்தும் நெடுங்காலம் நடந்த ‘கிரைம் பேட்ரோல்’ என்னும் தொடரே அது. நடிகர் அனூப் சோனி அதனை நடத்திச் சென்ற ஆண்டுகளில், அவர் பேச்சைக் கேளாது உறங்கச் சென்ற வீடு நம் தெருவில் குறைவே.

நாட்டில் நடந்த குற்ற வழக்குகளை எடுத்துக்கொண்டு, பெயரையும் இடத்தையும் மாற்றி, நடிகரைக் கொண்டு நடித்துக் காட்டுவது அத்தொடரின் முறை. இது நன்றா, தீதா என்னும் வினா நம் சங்கக் கூட்டங்களிலும் எழுந்ததுண்டு. இளையோர் மனத்தைக் கெடுக்கும் என்பார் சிலர். விழிப்பூட்டும் என்பார் சிலர். நமக்கோ வினாவே சற்று மாற்றிக் கேட்கப்பட வேண்டியது என்று தோன்றுகிறது. நடந்த குற்றத்தைக் கதையாக்குவது தொலைக்காட்சி கண்ட புதுமை அன்று. தமிழர்க்கு அது மிகப் பழைய வழக்கம். ஆகவே, கதையாக்கலாமா என்பதைவிட, அக்கதையை எவ்விடத்தில் முடிப்பது என்பதே ஆராயத்தக்கது. அதனை வரலாற்றின் துணைகொண்டு சிறிது நோக்குவோம்.

வீட்டுக்குள் வந்த காவல் நிலையம்

இவ்வகைத் தொடர்களின் தொடக்கத்தை அமெரிக்காவில் காணலாம். ஜாக் வெப் என்னும் நடிகர் 1949-இல் வானொலியிலும், 1951 முதல் தொலைக்காட்சியிலும் ‘டிராக்நெட்’ என்னும் தொடரை நடத்தினார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவல்துறையின் கோப்புகளிலிருந்து வழக்குகளை எடுத்து, பெயர்களை மாற்றி நடித்துக் காட்டினார்கள். செருமனியில் 1967 அக்டோபர் 20 அன்று எடுவார்டு சிம்மர்மன் என்பவர் வேறொரு வழி கண்டார். துப்புத் துலங்காத வழக்குகளைத் திரையில் நடித்துக் காட்டி, ‘அறிந்தவர் உடனே தொலைபேசியில் தெரிவியுங்கள்’ என்று பார்வையாளரைக் கேட்டார். அதனை ஒட்டிப் பிபிசி நிறுவனம் தொடங்கிய ‘கிரைம்வாட்ச்’ 1984 முதல் 2017 வரை நடந்தது. அமெரிக்காவில் 1988-இல் தோன்றிய இத்தகைய நிகழ்ச்சியை நடத்திய ஜான் வால்ஷ், 1981-இல் தம் ஆறு வயது மகனைக் கொலைக்குப் பலிகொடுத்த தந்தை. பிறர் பிள்ளையேனும் பிழைக்கட்டும் என்னும் துயரம் அவர் குரலில் இருந்தது.

நம் நாட்டில் 1998-இல் சீ தொலைக்காட்சியில் சுகைப் இலியாசி நடத்திய ‘இந்தியாஸ் மோஸ்ட் வாண்டட்’ பெரும்புகழ் பெற்றது. பின்னர்க் ‘கிரைம் பேட்ரோல்’ வந்தது. 2012-இல் ‘சாவ்தான் இந்தியா’ வந்தது. தமிழில் விஜய் தொலைக்காட்சியில் ‘நடந்தது என்ன? குற்றமும் பின்னணியும்’ வந்தது. இவற்றுள் முதலாவதைப் பற்றி ஒரு செய்தியை நாம் மறத்தல் ஆகாது. தலைமறைவானவரை நாட்டு மக்களுக்கு அடையாளம் காட்டிய அந்நிகழ்ச்சியின் படைப்பாளரே, 2000-ஆம் ஆண்டு தம் மனைவியின் சாவு தொடர்பாகக் கைது செய்யப்பட்டார். 2017 டிசம்பரில் தில்லி நீதிமன்றம் ஒன்று அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2018 அக்டோபரில் தில்லி உயர்நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. குற்றவாளி என்னும் சொல்லும், குற்றமற்றவர் என்னும் சொல்லும் ஒரே மனிதர் மீது பத்து மாத இடைவெளியில் இரு மன்றங்களால் சொல்லப்பட்டன. இரண்டையும் காத்திருந்து கேட்பவனே வழக்கை அறிந்தவன் ஆவான்.

இத்தொடர்களின் கதைக்கட்டு ஏறக்குறைய ஒன்றே. பிணம் கிடைக்கிறது, ஐயம் ஒருவர் மீது எழுந்து, அவரை விட்டு மற்றொருவர் மீது தாவுகிறது, தொலைபேசி அழைப்புகளின் பதிவு வரவழைக்கப்படுகிறது, இறுதியில் காவல் நிலையத்து நாற்காலியில் அமர்ந்த ஒருவர் உடைந்து அழுது, ‘ஆம், நானே செய்தேன்’ என்கிறார். அவர் கூற்றே காட்சியாக விரிகிறது. கைவிலங்கு பூட்டப்படுகிறது. தீர்ப்பு ஏதும் இருப்பின் அது கடைசியில் இரண்டொரு வரிகளில் சொல்லப்படும். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்பதும் அவ்வாறே.

இங்கே சட்டம் அறிந்தவர் புன்னகை செய்வர். காவல்துறை அலுவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்பது 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. 2024 சூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் தன் 23-ஆம் பிரிவில் அவ்விதியைக் காத்துள்ளது. அவ்வாக்குமூலத்தின் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதனைப் பற்றிய பகுதி மட்டுமே ஏற்கப்படும். அடித்தும் அச்சுறுத்தியும் எவரையும் எதையும் சொல்ல வைக்கலாம் என்பதை வெள்ளையர் ஆட்சியே அறிந்து வகுத்த விதி இது. நாடகம் எதனை உச்சமாகக் கொள்கிறதோ, அதனையே சட்டம் வாசற்படியில் நிறுத்திவிடுகிறது. சுருங்கக் கூறின், கதை முடியும் இடத்தில்தான் வழக்குத் தொடங்குகிறது.

தமிழர் கண்ட வழக்கு நாடகம்

நம் முதற் காப்பியமே ஒரு வழக்கின் கதை. பொற்கொல்லன் ஒருவன் தான் கவர்ந்த சிலம்பின் பழியை வேற்றூரிலிருந்து வந்த வணிகன் மீது சுமத்துகிறான். ஊடலைத் தணிக்க விரைந்த மன்னன் விசாரணை இன்றியே கொலைக்கு ஆணையிடுகிறான். கணவனை இழந்தவள் அவைக்கு வந்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றும், அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்றும் சான்று காட்டி வழக்குரைக்கிறாள். பிழை உணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர் விடுகிறான். வழக்குரை காதை என்றே அப்பகுதிக்குப் பெயர். நூற்றாண்டு பலவாக ஊர் மந்தையில் கூத்தாகவும், சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் ‘கோவலன்’ நாடகமாகவும் மக்கள் இதனைக் கண்டு கண்ணீர் விட்டனர்.

இங்கு நாம் கருத வேண்டுவது ஒன்று உண்டு. இளங்கோவடிகள் சிலம்பு எவ்வாறு களவாடப்பட்டது என்பதை விரித்துக் காட்டவில்லை. களவு ஒரு சொல்லளவில் கடந்துபோகிறது. தீர்ப்பு எவ்வாறு தவறியது என்பதே காப்பியத்தின் பொருள். மதுரையில் அன்று ஒரு சின்னத்திரைத் தொடர் இருந்திருப்பின், அது பொற்கொல்லன் கூற்றை நம்பி, அயலூர்க் கள்வன் பிடிபட்டான் என்று அன்றிரவே முடிந்திருக்கும். கண்ணகி அவைக்கு வருவது மறுநாள் அல்லவா?

காப்பியத்திலிருந்து நெடுந்தொலைவு கீழிறங்கி வந்தால், சென்னைக் குஜிலிக் கடைகளில் விற்ற கொலைச் சிந்துகளைக் காண்கிறோம். மலிவுத் தாளில், பெரும்பாலும் எட்டே பக்கத்தில் அச்சிட்டு, காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள் அவை. சந்தையிலும் திருவிழாவிலும் இரயில் வண்டியிலும் பாடி விற்பர். வெள்ளம், தீ விபத்து, இரயில் கவிழ்ந்தது, தூக்குமேடை ஏறியோர் வரலாறு என எதுவும் பாடுபொருளாகும். ஆயினும் கொலைக்கே கூட்டம் மிகுதி. கடவுள் வணக்கம் முதலில்; ஊரும் ஆண்டும் அடுத்து; பின்னர்க் கொலை; முடிவில், இதைக் கேட்டோர் இவ்வாறு நடவாதீர் என்னும் அறிவுரை. எழுத்தறியாதாரும் செய்தி அறிந்தது இவற்றால்தான். இவ்வகை நூல்களை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். சின்னத்திரைத் தொடரின் அமைப்பை இச்சிந்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வணக்கத்துக்குப் பதில் எச்சரிக்கை அறிவிப்பு. பாடுவோனுக்குப் பதில் நடத்துநர். முடிவில் அதே அறிவுரை. பாவம், சிந்து பாடியவனுக்கு அன்றன்றைக்கு விற்றால்தான் சோறு. மேல்முறையீடு முடியும்வரை அவன் காத்திருக்க இயலாது.

நிசாம் படையதிகாரி எழுதிய கதை

நாம் வாழும் இந்நகரத்துக்கும் இக்கதை வகைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு என்பது பலர் அறியாதது. பிலிப் மெடோஸ் டெய்லர் 1808-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து, 1824-இல் பதினைந்து வயதில் பம்பாய் வந்து, பின் நிசாமின் படையில் அதிகாரியானவர். ஐதராபாத்தின் பெரும் வணிகரான வில்லியம் பால்மரின் மகளை மணந்தவர். வழிப்போக்கரோடு நட்பாகப் பழகிக் கைக்குட்டையால் கழுத்தை இறுக்கிக் கொன்றதாகச் சொல்லப்பட்ட தக்கர் கூட்டத்தாரை விசாரிக்கும் பணியில் அவருக்கும் பங்கு இருந்தது. அப்பட்டறிவைக் கொண்டு 1839-இல் அவர் வெளியிட்ட நாவல் ‘ஒரு தக்கனின் ஒப்புதல்கள்’ என்று பொருள்படும் பெயர் கொண்டது. அமீர் அலி என்னும் பிடிபட்ட தக்கன், வெள்ளை அதிகாரி ஒருவரின் முன் அமர்ந்து தன் கொலைகளைத் தானே சொல்லுவதாக அமைந்தது. இங்கிலாந்தில் அது பரபரப்பாக விற்றது. தக்கன் என்னும் சொல் ஆங்கிலத்தில் நிலைபெற இதுவும் காரணம்.

காவலில் இருப்பவன் சொல்லும் ஒப்புதலே கதையாவதை இங்கேயும் காண்க. அக்கால விசாரணையின் அடிப்படை, அப்ரூவர் எனப்படும் குற்ற ஒப்பாளரின் வாய்மொழி. தன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தால் தூக்குக்குத் தப்பலாம். தொடர்ந்து பெயர் சொல்லிக்கொண்டிருக்கும் வரை உயிர் நிலைக்கும். அத்தகையோர் சொல்லும் பெயர்களில் எத்தனை மெய், எத்தனை பொய் என்பது இன்றளவும் வரலாற்றாசிரியரிடையே விவாதம். கொலைகள் நடந்தன என்பதில் ஐயமில்லை. ஆயின் இந்தியா முழுதும் பரவிய ஒரே இரகசியச் சமயக் கூட்டம் என்னும் சித்திரம் மிகைப்பட்டது என்பார் பலர். 1836-ஆம் ஆண்டின் 30-ஆம் சட்டம், குறிப்பிட்ட கொலை எதையும் மெய்ப்பிக்காமலேயே, தக்கர் கூட்டத்தில் இருந்தான் என்று மெய்ப்பித்தாலே ஆயுட்காலச் சிறை விதிக்க வழி செய்தது.

செயலுக்குத் தண்டனை என்பது போய், பிறப்புக்கும் கூட்டத்துக்கும் தண்டனை என்னும் எண்ணம் இவ்வாறு ஊன்றியது. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. கைரேகைச் சட்டம் என்று நம் ஊரார் அதனை அழைத்தனர். ஒரு சமூகத்தில் பிறந்த ஒரே காரணத்துக்காக ஆடவர் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையம் சென்று தம் இருப்பைக் காட்ட வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று, மதுரை மாவட்டத்து உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில், ரேகை பதிய மறுத்து நின்ற மக்கள் மீது காவல்துறை சுட்டது. மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விடுதலைக்குப் பின், 1952 ஆகஸ்டு 31-இல்தான் அச்சட்டம் நாடு முழுவதும் நீங்கிற்று. டெய்லரின் நாவல் இச்சட்டத்தை இயற்றியது என்று நாம் கூறவில்லை. ஆயினும், ‘இன்னார் பிறவிக் கொலைஞர்’ என்று கதையில் படித்துப் பழகிய கண்ணுக்கு, இன்னாரைச் சட்டத்தில் அடைப்பது இயல்பாகத் தோன்றும் அல்லவா? கதை தனி மனிதனைக் குற்றவாளி ஆக்கினால், மேல்முறையீடு உண்டு; ஒரு மக்களையே குற்றவாளி ஆக்கினால், அதற்கு மேல்முறையீடு எண்பது ஆண்டு பிடிக்கிறது.

இலட்சுமிகாந்தன் வழக்கு

தமிழகத்தில் கதை வழக்கை முந்திச் சென்றதற்கு இலட்சுமிகாந்தன் கொலை வழக்கினும் பெரிய சான்று இல்லை. ‘சினிமா தூது’, பின்னர் ‘இந்து நேசன்’ ஆகிய ஏடுகளில் திரைக் கலைஞரின் அந்தரங்கங்களை எழுதி விற்ற அவர், 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் செல்லும்போது குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். எம். கே. தியாகராச பாகவதர், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு முதலியோர் கைதாயினர். ‘ஹரிதாஸ்’ திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த நாள்கள் அவை. 1945-இல் ஜூரிகளின் தீர்ப்பை ஒட்டி, நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுதலையாயினர்.

வம்பு ஏடுகள் ஊட்டி வளர்த்த ஊர்ப்பேச்சு, ஏட்டின் ஆசிரியர் மாண்ட பின்பும் நிற்கவில்லை. அன்று தேநீர்க்கடைதோறும் தீர்ப்புகள் வழங்கப்பட்டன என்று நம் தந்தையார் கூறக் கேட்டிருக்கிறோம். விடுதலைக்குப் பின் கலைவாணர் மீண்டெழுந்தார். பாகவதருக்கோ பழைய புகழ் திரும்பவில்லை. 1959 நவம்பர் 1-இல் மறைந்தார். அவரைச் சிறைக்கு அனுப்பிய செய்தியை அறிந்தவரில் எத்தனை பேர், அவரை விடுவித்த தீர்ப்பை அறிந்தனர்? இன்றும் சிறை சென்ற பாகவதர் என்றே பேசுவோர் உளர். குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்ற பாகவதர் என்று பேசுவாரைக் காண்பது அரிது. ஜூரி முறை பின்னர் நம் நாட்டில் கைவிடப்பட்டது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. சட்டம் நீக்கிய ஜூரியைத் தொலைக்காட்சி வீடுதோறும் மீண்டும் அமர்த்திவிட்டது எனலாம்.

சொல்லும் உரிமை

இவற்றையெல்லாம் கூறுவதால், வழக்குகளைக் கதையாக்குவதே கூடாது என்பது நம் கருத்தன்று. அவ்வுரிமைக்கு இந்நாட்டில் அரண் செய்த தீர்ப்பும் ஒரு தமிழ் வழக்கில் பிறந்ததே. தூக்குத் தண்டனை பெற்றிருந்த ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை வெளியிட ‘நக்கீரன்’ ஏடு முற்பட்டது. அதிகாரிகள் சிலரோடு அவருக்கிருந்த தொடர்பு அதில் வெளிப்படும் என்று கூறப்பட்டது. சிறைத்துறைத் தலைவர் 1994 சூனில் கடிதம் எழுதித் தடுத்தார். ஆசிரியர் கோபால் உச்சநீதிமன்றம் சென்றார். 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் பி. பி. ஜீவன் ரெட்டியும் எஸ். சி. சென்னும் தீர்ப்பளித்தனர். ஜீவன் ரெட்டி, நம் ஐதராபாத்தில் அமைந்திருந்த ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர் என்பதையும் இங்குக் குறிப்பிடலாம்.

ஒருவர் தம் வாழ்வைத் தம்மளவில் காத்துக்கொள்ளும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கும். ஆயின், நீதிமன்றப் பதிவு உட்பட்ட பொதுப் பதிவேடுகளில் உள்ளவற்றை எவரும் வெளியிடலாம். பாலியல் குற்றத்துக்கு இலக்கான பெண்ணின் அடையாளம் மட்டும் வெளிவரலாகாது. தமக்கு இழுக்கு வரும் என்று அஞ்சி அதிகாரிகள் முன்கூட்டியே தடை செய்ய இயலாது என்பன அத்தீர்ப்பின் சாரம். ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் வழக்கில் பிறந்த நெறியோ நிலைத்துவிட்டது. குற்றக் கதை சொல்வோர் அனைவரும் இன்று நிற்பது அந்நிலத்தின் மீதுதான். பொதுப் பதிவேட்டில் உள்ளதைச் சொல்லலாம் என்றால், விடுதலைத் தீர்ப்பும் பொதுப் பதிவேடுதான் என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மூசிக் கரையில் இரண்டு செய்திகள்

மூசி ஆற்றங்கரையில் குவிமாடங்களோடு எழுந்து நிற்கும் உயர்நீதிமன்றக் கட்டடம் நிசாம் ஆட்சியில் 1920-இல் திறக்கப்பட்டது. அதன் வழியே பேருந்தில் செல்லும்போதெல்லாம் இரண்டு செய்திகள் நம் நினைவுக்கு வரும்.

2007 டிசம்பரில், விசயவாடாவை அடுத்த மாணவியர் விடுதி ஒன்றில் ஒரு மாணவி கொலையுண்டார். மாநிலமே கொதித்தது. 2008 ஆகஸ்டில் ஏழை இளைஞர் ஒருவரைக் காவல்துறை பிடித்துக் குற்றவாளி என்று அறிவித்தது. மகளைப் பறிகொடுத்த பெற்றோரே, ‘இவர் அல்லர்’ என்று கூறிவந்தனர். 2010-இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2017 மார்ச் 31 அன்று, அப்போது இரு மாநிலங்களுக்கும் பொதுவாக ஐதராபாத்தில் இருந்த உயர்நீதிமன்றம் அவரை விடுவித்து, ஒரு இலட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்க ஆணையிட்டது. எட்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் கழிந்தன. கொலைசெய்தவர் யார் என்னும் வினா தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. 2018-இல் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு ஆணை பிறந்தது. இக்கதையை 2008-லேயே முடித்துக்கொண்ட ஒருவர், தாம் உண்மையை அறிந்ததாகவே இன்றும் எண்ணிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது செய்தி இன்னும் அண்மையது. 2019 நவம்பர் 27 இரவு, சம்சாபாத் அருகே இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். ‘திசா’ என்னும் மாற்றுப் பெயராலேயே அவரை நாடு அறியும். நால்வர் கைதாயினர். டிசம்பர் 6 விடியற்காலையில், சட்டான்பள்ளியில் அந்நால்வரும் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்று காலை மக்கள் காவலர் மீது பூத்தூவினர், இனிப்பு வழங்கினர். நம் அலுவலகத்திலும் அன்று மகிழ்ச்சியே நிலவியது என்பதை ஒளிக்காமல் கூறுகிறோம். எத்தனையோ இரவுகளாகக் கைவிலங்கோடு முடிந்த கதைகளைக் கண்டு பழகிய மனம், ஒன்பதே நாளில் முழுதும் முடிந்த கதையைக் கண்டு நிறைவு கொண்டது.

உச்சநீதிமன்றம் நீதிபதி வி. எஸ். சிர்புர்கர் தலைமையில் ஓர் ஆணையத்தை அமைத்தது. அதில் உறுப்பினராக இருந்தவருள் ஒருவர் தமிழரான டி. ஆர். கார்த்திகேயன், இராசீவ் காந்தி கொலை வழக்கின் புலனாய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவ்வழக்கில் 26 பேருக்கும் 1998-இல் விசாரணை மன்றம் தூக்குத் தண்டனை விதித்ததும், 1999 மே 11 அன்று உச்சநீதிமன்றம் அவருள் 19 பேரை விடுவித்ததும் நாம் அறிந்தவை. மேல்மன்றம் சல்லடை போன்றது என்பதை அவர் அறிவார். 2022 மே மாதம் வெளியான ஆணைய அறிக்கை, கொல்லும் நோக்குடன் வேண்டுமென்றே சுட்டனர் என்றும், காவலர் பதின்மர் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் கூறியது. இறந்தவருள் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றும் கண்டது. அறிக்கை தெலங்கானா உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது.

இதற்கிடையில் இயக்குநர் இராம்கோபால் வர்மா அந்நிகழ்ச்சியைத் திரைப்படமாக்க முனைந்தார். மகளை இழந்த தந்தை, அதனைத் தடுக்க வேண்டி உயர்நீதிமன்றத்தின் படியேறினார். படம் பெயர் மாறி 2022-இல் வெளிவந்தது. நமக்குக் கதை, அவருக்கோ மகள். ஒவ்வோர் இரவும் நாம் காணும் ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் இத்தகைய ஒரு தந்தை எங்கோ ஓர் ஊரில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு இருட்டில் அமர்ந்திருக்கக் கூடும்.

நம் குடியிருப்பில் நடந்தது

பிறர் பிழைகளை இவ்வளவு கூறிய பின், நம் பிழையைக் கூறாது விடுதல் முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் நான்கு சவரன் சங்கிலி காணாமற்போனது. இரவுக் காவலர் ஒடிசாவிலிருந்து வந்தவர். நம் மொழி எதுவும் சரியாக அறியாதவர். அன்று மாலை மாடிப்படியில் கூடிய எட்டுப் பேரும் துப்பறிவாளராயினோம். அவர் அன்று யாரோடு தொலைபேசியில் பேசினார், ஏன் இருமுறை மேல்மாடிக்கு ஏறினார், ஊருக்குப் பணம் அனுப்பியது எப்போது என்றெல்லாம் ஒருவரையொருவர் வினவினோம். முந்தைய வாரத் தொடரில் இப்படித்தான் காவலாளி ஒருவன் செய்தான் என்று சொன்னவர் வேறு யாருமல்லர், நாமே. காவல் நிலையம் வரை செல்லவில்லை. அவர் முன் எவரும் எதுவும் கூறவும் இல்லை. ஆயினும் மறுநாள் முதல் அவருக்குத் தேநீர் கொடுப்பதை வீடுகள் நிறுத்திவிட்டன. பத்து நாளில் அவர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

தைப்பொங்கலுக்குப் பட்டுப்புடவை எடுத்தபோது, அதன் மடிப்பிலிருந்து அச்சங்கிலி விழுந்தது. அவ்வீட்டு அம்மையார் நம் வீட்டுக்கு வந்து, கையில் சங்கிலியை வைத்துக்கொண்டு, ‘அந்த ஆளுடைய ஊர் எது என்று உங்களுக்குத் தெரியுமா அண்ணா?’ என்று கேட்டார். நமக்குத் தெரியவில்லை. அவருடைய முழுப் பெயரையும் எவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சேவகர் பதிவேட்டைப் புரட்டுவதையே தொழிலாகக் கொண்ட நாம், நம் வாசலில் மூன்றாண்டு காத்து நின்ற மனிதரின் பெயரைக் குறித்துவைக்கவில்லை.

தொலைக்காட்சித் தொடரை நாம் பழிக்கவில்லை. பெண் பிள்ளைகளும் முதியோரும் தனித்திருப்போரும் எச்சரிக்கை கற்றது அதனால் உண்டு. நம்மைக் கதையில் ஈர்த்து, கேளாத குரல்களைக் கேட்கச் செய்ததும் உண்டு. வேண்டுவது ஒன்றே. கைது செய்யும் காட்சியை ஒரு மணி நேரம் காட்டுவோர், அவ்வழக்கு ஐந்தாண்டோ பத்தாண்டோ கழித்து விடுதலையில் முடிந்தால், அதனையும் அதே நேரத்தில், அதே நடிகரைக் கொண்டு, அதே அக்கறையோடு காட்ட முன்வர வேண்டும். காண்போராகிய நாமும் கதை முடிந்ததும் எழுந்து போகாமல், ‘பிறகு என்ன ஆயிற்று?’ என்று கேட்கப் பழக வேண்டும். சிலம்பு பிறந்த மொழியினர்க்கு இக்கேள்வி புதிதன்று. கொலைக்களத்தோடு மதுரைக் கதையை முடிக்காமல், ஒருத்தி அவைக்கு வந்து பேசும்வரை காத்திருந்து கேட்டவர் நம் முன்னோர். அவ்வளவு பொறுமை நமக்கும் வாய்க்கட்டும்.